சிம்பிடியம் ஆர்க்கிட்: பூக்காதது, வாடுவது, அழுகுவது ஏன்? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

உதகமண்டலம், குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் ஆகிய ஊர்களில் வீட்டு முகப்பிலும் கண்ணாடி வராந்தாவிலும் தொட்டியில் வளரும் குளிர்விரும்பி ஆர்க்கிட் பெரும்பாலும் சிம்பிடியம்தான். சிக்கிம், டார்ஜிலிங், அருணாசலப் பிரதேசம் ஆகிய இமயச் சாரல்களில் வளரும் காட்டு இனங்கள் பலவற்றைக் கலந்து உருவாக்கிய கலப்பினங்களே இன்று நாம் வாங்கும் பெரிய பூச் சிம்பிடியங்கள். இவற்றுக்குப் பகலில் மிதமான வெப்பமும் நல்ல வெளிச்சமும் இரவில் தெளிவான குளிரும் வேண்டும். நம் மலைகளில் இவை இயல்பாகவே கிடைப்பதால் இந்தச் செடி எளிது என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் இரண்டாம் ஆண்டிலேயே ஏதாவது ஒரு குறை தலைகாட்டிவிடுகிறது.

குறையைத் தேடும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஆர்க்கிட் மெதுவாக வாழும் செடி. இலைகளிலும், அவற்றின் அடியில் பருத்திருக்கும் தண்டுகளான குமிழ்களிலும் நீரையும் உணவையும் சேமித்து வைத்திருப்பதால், தவறு நடந்த வாரத்தில் அது எதையும் காட்டிக்கொள்வதில்லை. இன்று சுருங்கித் தெரியும் குமிழுக்குக் காரணம் இரண்டு மாதங்களுக்கு முன் அழுகிய வேராக இருக்கலாம். பிப்ரவரியில் வராத பூவுக்குக் காரணம் போன ஜூலையில் போதாமல் போன வெளிச்சமாக இருக்கலாம். ஆகவே கீழே சொல்லப்படும் ஒவ்வோர் அறிகுறிக்கும் நேற்று என்ன செய்தோம் என்று யோசிப்பதை விட, போன பருவத்தில் என்ன செய்தோம் என்று யோசிப்பதே பயன் தரும்.

முதலில் வேரைப் பாருங்கள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் மருந்துக் கடைக்குப் போவதற்கு முன் செடியைத் தொட்டியிலிருந்து மெதுவாக உருவி வேரைப் பார்த்துவிட வேண்டும். பூத்தண்டு தாங்கி நிற்கும் செடியை மட்டும் முழுவதும் உருவாமல், மேல் கலவையை விரலால் விலக்கிப் பார்த்தால் போதும். நல்ல வேர் பென்சில் பருமனுக்குச் சற்றுக் குறைவாக, வெள்ளையாக, அழுத்தினால் விரலை எதிர்த்து நிற்பதாக இருக்கும். சந்தேகமான வேரை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்து மெல்ல இழுத்தால், அழுகியதாக இருந்தால் பழுப்பு நிற மேலுறை ஈரமான காகிதம் போலக் கழன்று கையோடு வந்துவிடும். உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் தொங்கும். பாதிக்கு மேற்பட்ட வேர்கள் இப்படி இருந்தால், இலையில் தெரியும் வேறெந்தக் குறையைப் பற்றியும் இப்போது கவலைப்பட வேண்டியதில்லை. வேரைச் சரிசெய்வதே வேலை.

இலைகள் செழித்திருக்கின்றன, பூ மட்டும் வரவில்லை

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். இதற்கு ஒரே விடை கிடையாது. செடி எந்த ஊரில் இருக்கிறது என்பதைப் பொறுத்து விடை மாறும்.

ஊட்டிக்குச் சுற்றுலா வந்து, பூவோடு ஒரு தொட்டியை வாங்கிக் கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ கொண்டு போனவராக நீங்கள் இருந்தால், காரணம் இரவின் வெப்பம். பெரிய பூச் சிம்பிடியம் பூத்தண்டு விடுவதற்கு ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையிலான இரவுகளில் வெப்பநிலை ஏறத்தாழ 10 முதல் 14 டிகிரி செல்சியஸுக்கு இறங்க வேண்டும். பகலுக்கும் இரவுக்கும் பத்து டிகிரி அளவுக்கு இடைவெளி இருந்தால் இன்னும் நல்லது. சமவெளியில் அந்த மாதங்களில் இது நடக்காது. உரம் மாற்றியோ, வேரில் ஐஸ்கட்டி வைத்தோ இதை ஈடுகட்ட முடியாது. இலை மட்டும் ஆண்டுக்கணக்கில் வளர்ந்துகொண்டிருக்கும். சமவெளியில் சிம்பிடியமே வேண்டும் என்பவர்கள், வெப்பம் தாங்கி வளர்வதும் பூச்சரம் கீழ்நோக்கித் தொங்குவதுமான சிம்பிடியம் அலாய்ஃபோலியம் என்ற இனத்தை நாற்றங்காலில் பெருக்கிய கன்றாக வாங்கி வளர்க்கலாம். மலையடிவாரத்து மரத்தில் தெரிகிறது என்று காட்டிலிருந்து பெயர்த்துக்கொண்டு வருவது கூடாது.

மலையில் இருப்பவர்களுக்கு இரவுக் குளிர் தானாகவே கிடைத்துவிடுகிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் பூ வரவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வெளிச்சத்தைத்தான். இதை அளக்கக் கருவி தேவையில்லை. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தைப் பார்த்தால் போதும். சிம்பிடியத்தின் இலை தேயிலைக் கொழுந்தைப் போல மஞ்சள் கலந்த இளம்பச்சையாக இருக்க வேண்டும். முற்றிய தேயிலையைப் போலக் கரும்பச்சையாக, நீண்டு துவண்டு கிடந்தால் வெளிச்சம் போதவில்லை. பார்வைக்குக் கரும்பச்சைதான் அழகாக இருக்கிறது என்பதால், பலரும் நலிந்த செடியை நன்றாக இருக்கிறது என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கே நம் மலைகளுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. பொதுவாக 50 சதவீத நிழல்வலை போடச் சொல்வார்கள். ஏப்ரல், மே மாத வெயிலுக்கு அது சரி. ஆனால் ஜூன் தொடங்கியதும் தென்மேற்குப் பருவமழையோடு நாட்கணக்கில் மூடுபனி இறங்கிவிடுகிறது. புதுக்குமிழ் திரள வேண்டிய அந்த மாதங்களில் பனியும் வலையும் சேர்ந்து செடியை இருட்டறையில் வைத்தது போல ஆக்கிவிடுகின்றன. குமிழ் பருக்காமல் ஒல்லியாக நின்றுவிட்டால் பூத்தண்டு வராது. ஜூன் நடுவில் வலையைச் சுருட்டிக் கட்டிவிட்டு, வானம் தெளியும்போது திரும்ப விரிப்பதே தீர்வு. மழை நேரடியாகக் கொட்டாதபடி, ஒளி ஊடுருவும் தகடு மேலே இருந்தால் நல்லது. முதல் வெயிலிலேயே இலையில் வெளிறிய தீப்புண் விழக்கூடும் என்பதால், வலையை நான்கைந்து நாட்கள் கொஞ்சம் கொஞ்சமாக நீக்க வேண்டும்.

அடுத்தது உரம். ஏப்ரல் முதல் ஜூலை வரை, தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 கரையும் உரத்தை லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் வாரம் ஒருமுறை கொடுக்கலாம். ஆகஸ்ட் தொடங்கியதும் தழைச்சத்தைக் குறைத்து, சாம்பல்சத்து மிகுந்த 13:0:45 போன்ற உரத்துக்கு மாற வேண்டும். ஆண்டு முழுவதும் ஒரே உரத்தை ஊற்றிக்கொண்டே இருந்தால் செடி தழைப்பதிலேயே காலத்தைக் கழித்துவிடும்.

மூன்றாவது காரணம் நம் கை. செடி பெருத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் ஒன்றைப் பத்தாகப் பிரித்து உறவினர்களுக்கெல்லாம் கொடுத்துவிடுகிறோம். இலையுள்ள குமிழ்கள் குறைந்தது மூன்று, நான்கு சேர்ந்திருக்கும் கூறாகப் பிரித்தால் அடுத்த பருவத்திலோ அதற்கு அடுத்ததிலோ பூக்கும். ஒற்றைக் குமிழாகப் பிரித்தால் இரண்டு, மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஒருமுறை பூத்த குமிழ் மறுபடி பூப்பது அரிது என்பதால், பழைய குமிழ்களைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. இந்த ஆண்டு எத்தனை புதுக்குமிழ்கள் திரண்டன என்பதையே எண்ண வேண்டும்.

செப்டம்பர் முதல் குமிழின் அடியில் ஒரு முளை தெரியும்போது அது பூத்தண்டா, பக்கக்கன்றா என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும். நுனியை இலேசாக அழுத்திப் பாருங்கள். பூத்தண்டு உருண்டையாக, துப்பாக்கி ரவை போலக் கூம்பி, உள்ளே சற்றுக் காலியாக இருப்பது போல விட்டுக்கொடுக்கும். கன்று தட்டையாக, கெட்டியாக இருக்கும். விரைவிலேயே அதன் நுனி இரண்டாகப் பிரிந்து இலை காட்டும்.

குமிழ் சுருங்குகிறது, இலை சோர்ந்து மடிகிறது

பார்த்தவுடன் தண்ணீர் ஊற்றத் தோன்றும். அங்கேதான் செடி சாகிறது. நீர் போதாத செடியும், நீர் மிகுந்து வேர் அழுகிய செடியும் வெளியே ஒரே முகத்தைத்தான் காட்டுகின்றன, ஏனெனில் இரண்டிலும் நீர் மேலே ஏறுவதில்லை. தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். காய்ந்து இலேசாக இருந்து, வேரும் வெள்ளையாக இருந்தால் தாகம்தான். தொட்டியை அரை மணி நேரம் வாளித் தண்ணீரில் நிறுத்தி எடுத்து வடியவிட்டால், இரண்டு, மூன்று வாரங்களில் குமிழ் ஓரளவு தேறும். கனமாக இருந்து, குமிழும் சுருங்கியிருந்தால் வேர் போய்விட்டது.

வேர் போகக் காரணம் பெரும்பாலும் கலவை மட்கியதுதான். சிம்பிடியத்துக்கு மண் ஆகாது. விரல்நுனி அளவு மரப்பட்டைத் துண்டுகள், கரித்துண்டுகள், உடைத்த ஓட்டுச்சில்லு, கொஞ்சம் தேங்காய் மட்டைத் துண்டுகள் என்று காற்றோட்டமுள்ள கலவையே வேண்டும். மட்டைத் துண்டுகளில் உப்பு இருப்பதால் மூன்று நாட்கள் ஊறவைத்து, நாள்தோறும் நீரை மாற்றிய பிறகே பயன்படுத்த வேண்டும். இத்தனையும் சரியாகச் செய்தாலும் இரண்டு, மூன்று ஆண்டுகளில் கலவை மட்கித் தூளாகி, வேருக்கு மூச்சு முட்டத் தொடங்கிவிடும். நான் முதன்முதலில் வாங்கிய செடி வெளியே திடமாகத்தான் இருந்தது. ஓராண்டு கழித்து உருவிப் பார்த்தபோது வேர்ப்பந்தின் நடுவே, நாற்றங்காலில் வைத்த தேங்காய்நார்க் கட்டி அப்படியே, பிழிந்தால் கறுப்புநீர் சொட்டும் நிலையில் இருந்தது. சுற்றிலும் நான் போட்ட நல்ல கலவையால் ஒரு பயனும் இல்லை. புதிதாக வாங்கும் எந்தச் செடியையும் பூ முடிந்ததும் உருவி, நடுக்கட்டியை எடுத்துவிடுவதை அன்றிலிருந்து வழக்கமாக்கிக்கொண்டேன்.

அழுகிய வேர்களை எல்லாம் வெட்டி, வெட்டுவாயில் இலவங்கப்பட்டைத் தூளைத் தொட்டு வைத்து, ஒரு நாள் நிழலில் உலரவிட்டுப் புதுக்கலவையில் நட வேண்டும். பட்டைத் தூள் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால் நல்ல வேரின் மேல் தூவக்கூடாது. எஞ்சிய வேருக்கு ஏற்ற சிறிய தொட்டியே போதும். இதன்பின் பழைய குமிழில் வேர் வரும் என்று காத்திருக்க வேண்டாம்; புதுவேர் பெரும்பாலும் புதுக்கன்றின் அடியிலிருந்துதான் வரும். அந்தக் கன்று வளரும் வரை தண்ணீரைக் குறைத்து, காற்றின் ஈரத்தைக் கூட்டி, நிழலில் வைப்பதைத் தவிர நாம் செய்யக்கூடியது வேறில்லை. தொட்டி மாற்றுவதற்கு ஏற்ற காலம் பூ முடிந்த மார்ச் முதல் மே வரை. வேர் முழுவதும் அழுகியிருந்தால் மட்டும் மாதம் பார்க்கக்கூடாது.

இலை மஞ்சளாகிறது, நுனி கருகுகிறது

மிகப் பழைய குமிழின் இலைகள் ஒன்றிரண்டு மஞ்சளாகிக் கழன்று விழுவது இயல்பு. புதுக்குமிழின் இலை மஞ்சளானால் வேரைப் பாருங்கள்.

நுனி மட்டும் பழுப்பாகக் கருகி, அந்த எல்லை மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் அது உப்பு. மிகுதியான உரமும், ஆழ்துளைக் கிணற்றின் கடினநீரும் இதைச் செய்யும். மாதம் ஒருமுறை உரமில்லாத நீரைத் தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு ஊற்றி வடியவிட வேண்டும். மழைநீர் இருந்தால் அதற்கு இணை வேறில்லை. தேயிலைச் சக்கை, அரிசி கழுவிய நீர், மோர் என்று சமையலறையில் மிஞ்சியதையெல்லாம் ஊற்றும் பழக்கம் ரோஜாவோடு நிற்கட்டும். ஆர்க்கிட் கலவையில் அவை பூஞ்சையையும் சிறு ஈக்களையும்தான் வளர்க்கும்.

மொட்டு மஞ்சளாகி உதிர்கிறது, பூ சில நாளிலேயே வாடுகிறது

பூத்தண்டு உயர்ந்து மொட்டுகள் பிரியும் நேரத்தில் செடியை வெளியிலிருந்து கணப்பு எரியும் அறைக்குள் கொண்டு போவதே மொட்டு உதிர்வதற்கு முதல் காரணம். குளிரும் ஈரமுமான காற்றிலிருந்து வறண்ட வெப்பத்துக்கு ஒரே நாளில் மாறினால் மொட்டு தாங்காது. முதல் இரண்டு, மூன்று பூக்கள் விரியும் வரை செடியை இருந்த இடத்திலேயே விட்டு, அதன் பிறகு வரவேற்பறைக்குக் கொண்டு செல்லலாம். அந்த வாரங்களில் கலவையை முழுவதும் காயவிடுவதும் மொட்டை உதிர்க்கும்.

விரிந்த பூ வாடுவது வேறு கதை. நல்ல சிம்பிடியப் பூ ஆறு முதல் எட்டு வாரம் நிற்க வேண்டும். அது ஒரு வாரத்தில் தளர்ந்தால், பூவின் நடுவே கீழ்ப்பக்கம் உதடு போல நீண்டிருக்கும் உதட்டிதழைப் பாருங்கள். படகு போலக் குழிந்த அந்த இதழைக் கொண்டே, படகைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1799இல் ஓலோஃப் ஸ்வார்ட்ஸ் இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தார் என்பர். உதடு திடீரெனச் சிவந்திருந்தால், தேனீயோ நம் கையோ அதற்கு மேலே பூவின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு தூணின் முனையிலிருந்த மகரந்தக் கட்டியை அகற்றியிருக்கும். தன் வேலை முடிந்தது என்று பூ வாடத் தொடங்கிவிடும். பழங்களோடு ஒரே மேசையில் வைத்திருக்கும் செடியாக இருந்தால், பழம் வெளியிடும் எத்திலீன் வாயுவும் இதையே செய்யும். ஒரு தை மாதத்தில் உறவினர் கொடுத்தனுப்பிய வாழைத்தாரை வராந்தாவில் சிம்பிடியத்தின் அருகே தொங்கவிட்டேன். தார் பழுக்கப் பழுக்க, நான்கே நாளில் பதினொரு பூக்களின் உதடும் சிவந்து, மேலிருந்த மொட்டுகள் மஞ்சளாகிவிட்டன. தேனீ வர வழியில்லாத, மூடிய வராந்தா அது.

இதழில் ஊசி குத்தியது போன்ற பழுப்புப் புள்ளிகள் விழுந்தால் அது சாம்பல் பூஞ்சை. ஈரம் தங்கி, காற்று நின்றுபோன குளிர் இரவுகளில் வரும். புள்ளி விழுந்த பூவைப் பறித்து எறிந்துவிட்டு, தொட்டிகளை இடைவெளிவிட்டு வைத்து, காலையில் மட்டும் நீர் ஊற்றினால் நிற்கும்.

குருத்து கறுத்து அழுகுகிறது

சிக்கிமில் பருவமழை முடிந்ததும் வறண்ட, தெளிவான இலையுதிர்காலம் வந்துவிடுகிறது. சிம்பிடியத்தின் நாட்காட்டி அதற்கு ஏற்ப அமைந்தது. நம் மலைகளிலோ, பூத்தண்டு எழும் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வந்து நிற்கிறது. கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுகளில் அதன் வேகம் அதிகம். வடக்கத்தி வழிகாட்டிகளில் வானம் தெளியும் மாதங்களாகச் சொல்லப்படும் அந்த இரண்டு மாதங்களில்தான் இங்கே புதுக்கன்றின் நடுவில் நீர் தேங்கிக் குருத்து அழுகுகிறது. பிடித்து இழுத்தால் நடு இலை கையோடு வந்துவிடும். துர்நாற்றம் வீசினால் பாக்டீரியா, நாற்றமின்றிக் கறுத்திருந்தால் பெரும்பாலும் பூஞ்சை வகை. இரண்டுக்கும் முதல் வேலை ஒன்றுதான். நல்ல திசு தெரியும் வரை வெட்டி எடுத்து, செடியை மழைக்கு ஒதுக்கி, ஒரு வாரம் நீரை நிறுத்த வேண்டும். காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லியைத் தெளித்தால் பக்கத்துக் கன்றுகளுக்குப் பரவாமல் தடுக்கும். அழுகியதை அது மீட்காது.

பூச்சிகளும் நத்தைகளும்

இலையின் அடியில் பழுப்புச் செதில்களும், மடிப்புகளில் பஞ்சு போன்ற மாவுப்பூச்சியும், மொட்டில் அசுவினியும் இருந்தால் எறும்பும் கூடவே இருக்கும். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டு, லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயைச் சில துளி சோப்புக் கரைசலோடு கலந்து வாரம் ஒருமுறை மூன்று வாரம் தெளிக்க வேண்டும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான வறட்சியில் இலையின் அடிப்பக்கம் வெள்ளி பூசியது போல மங்கினால் சிலந்திப்பேன். நீரைப் பீய்ச்சி அடிப்பக்கத்தைக் கழுவுவதே பாதி மருந்து.

பூத்தண்டின் நுனி இரவோடு இரவாகக் காணாமல் போனால் நத்தை. தண்டின் அடியில் காய்ந்த பஞ்சைத் தளர்வாகச் சுற்றிவிட்டால் அது ஏறாது. பஞ்சு நனைந்தால் மாற்ற வேண்டும். தொட்டியின் அருகே ஒரு முட்டைக்கோஸ் இலையைக் கவிழ்த்து வைத்து, விடியற்காலையில் புரட்டிப் பார்த்தால் ஊரில் உள்ள நத்தைகள் எல்லாம் அங்கே இருக்கும்.

இலை கண்ணாடி போலாகிக் கறுக்கிறது

டிசம்பர், ஜனவரியில் மேகமில்லாத, காற்றில்லாத இரவுகளில் உறைபனி விழும். குளிர்ந்த காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குவதால், பள்ளத்து வீட்டுச் செடி கருகும் அதே இரவில் மேட்டு வீட்டுச் செடி தப்பிவிடும். இலை சிறிது நேரக் குளிரைத் தாங்கும். பூத்தண்டும் மொட்டும் தாங்காது. அந்த வாரங்களில் தொட்டிகளைக் கூரையின் தாழ்வாரத்துக்குள் நகர்த்தினாலே போதும். இலையில் பனி படிந்துவிட்டால் காலை வெயில் நேராகப் படாமல் மறைத்து, மெதுவாக உருகவிடுங்கள். கறுத்த பகுதியை உடனே வெட்டாமல், சேதம் எங்கே நின்றது என்று தெரியும் வரை சில வாரம் காத்திருக்கலாம்.

புது இலையில் வெளிறிய கோடுகள்

இந்த ஒரு குறைக்கு மட்டும் மருந்து கிடையாது. இளம் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும் வெளிறிய நீளக்கோடுகளும், அவையே பின்னர்க் கறுத்துக் குழிவதும் சிம்பிடியம் மொசைக் வைரஸின் அடையாளம். சிலந்திப்பேன் சேதம் இலையின் அடிப்பக்கத்தோடு நிற்கும், புது இலை சுத்தமாக வரும். வைரஸ் கோடு ஒவ்வொரு புது இலையிலும் திரும்ப வரும். இது செடியின் சாற்றில் பயணம் செய்கிறது. ஒரு செடியை வெட்டிய கத்தரியால் அடுத்ததை வெட்டுவதே இது பரவும் முக்கிய வழி. ஸ்பிரிட்டால் துடைப்பது போதாது. கத்தி முனையை அடுப்புச் சுடரில் சில விநாடி காய்ச்சி, ஆறவிட்டு, பிறகே அடுத்த செடியைத் தொட வேண்டும். பழைய கலவையையும் கழுவாத தொட்டியையும் மறுபடி பயன்படுத்தக்கூடாது.

உறுதியாகத் தெரிந்தால் செடியை எரித்துவிடுவதே முறை. என்னிடம் அப்படி ஒரு மஞ்சள் பூச் சிம்பிடியம் இருக்கிறது; கோடு விழுந்த இலைகளோடும் ஆண்டுதோறும் பூப்பதால் அழிக்க மனம் வரவில்லை. மற்றவற்றிலிருந்து பத்தடி தள்ளி, வடியும் நீர் வேறு தொட்டிக்குப் போகாத தாழ்ந்த இடத்தில் அதை வைத்திருக்கிறேன். அதற்கென்று தனிக் கத்தரி உண்டு; மற்ற எல்லாச் செடிகளையும் பார்த்து முடித்த பிறகே அதைத் தொடுகிறேன், தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறேன்.